டர்போ காரில் ஆயில் கசிவு: டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

டர்போ உள்ள காருக்கு அடியில் ஆயில் கறை தெரிந்தால் போதும், "டர்போ போயிடுச்சு" என்று யாராவது தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எட்டிப் பார்த்தால் டர்போ மேல் ஆயில் வழிந்துதான் இருக்கும். சரி என்று புது டர்போ மாட்டுவார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். முதல் டர்போவில் பழுதே இருந்திருக்காது. மேலே, இன்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவரில் கசிந்த ஆயில் கீழே இருந்த டர்போவின் மேல் வழிந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை இதற்கு முன் ஆயில் கசிவைத் தேடிப் பார்க்காதவர்களுக்கானது. பெரும்பாலும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஒரு டார்ச், ஒரு சிறு கண்ணாடி, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், ஒரு கேன் பிரேக் கிளீனர், கையுறை, நிறையப் பொறுமை போதும். சரிசெய்வதை மெக்கானிக்கிடமே விட்டாலும், ஆயில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் தேவையில்லாத பாகங்கள் மாறுவது நின்றுவிடும்.

டர்போவுக்குள் ஆயிலுக்கு என்ன வேலை

இது தெரியாமல் தேடினால் குழம்பிப்போவோம். டர்போவில் இருப்பது ஒரே ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் எக்ஸாஸ்ட் புகை சுழற்றும் டர்பைன் சக்கரம், மறுமுனையில் காற்றை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் கம்ப்ரஸர் சக்கரம். தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்களில் 2 லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்த வேகத்தில் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான்.

அந்த ஆயில் இன்ஜினிலிருந்து ஒல்லியான குழாய் வழியாக அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போகும் குழாய் தடியானது. அதில் அழுத்தமும் இல்லை, பம்ப்பும் இல்லை. தண்டைத் தாங்கும் பேரிங்கிலிருந்து சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து வரும் ஆயில் தன் எடையால் மட்டுமே, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். அதனால்தான் அந்தக் குழாய் தடியாகவும் சரிவாகவும் இருக்கிறது.

தண்டின் இரு முனையிலும் இருக்கும் சீல்கள் ரப்பர் சீல்கள் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சிறு உலோக வளையங்கள். அவை மட்டுமே ஆயிலை முழுசாக அடைத்துவிடாது. வெளிப்பக்கம் இருக்கும் காற்று, புகை இவற்றின் அழுத்தமும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளேயே வைத்திருக்கிறது. திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டாலோ, இன்ஜினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க் கேஸில், அழுத்தம் ஏறினாலோ ஆயில் இறங்க வழியில்லாமல் அந்த வளையங்களைத் தாண்டி வெளியே வரும். டர்போ நல்ல நிலையில் இருந்தாலும் ஆயிலைக் கக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்வது எல்லாம் சுலபமாகப் புரியும்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள்

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தால் கசிவு தேடும் வேலையெல்லாம் அப்புறம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். மஞ்சள் விளக்கு பல கார்களில் அளவு குறைவு என்று மட்டும் சொல்லும். சிவப்பு, ஆயில் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்கிறது.

பெட்ரோல் காரின் டர்பைன் கூடு கடுமையாக ஓட்டும்போது 900 டிகிரி செல்சியஸை நெருங்கலாம். அதன் மேல் ஆயில் சொட்டினால் முதலில் கருகிய வாடை, அப்புறம் புகை. நேரம் சரியில்லாவிட்டால் தீ. பானெட் இடுக்கில் புகை வருகிற அளவுக்குக் கசிந்தால் காரை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

காருக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அணை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும்.

முதல் கேள்வி: வெளியே ஒழுகுகிறதா, உள்ளே எரிகிறதா?

ஆயில் குறைவதும் ஆயில் கசிவதும் ஒன்றல்ல. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் அளவு குறைந்துகொண்டே வந்தால் அது பெரும்பாலும் இன்ஜினுக்குள் எரிகிறது, அல்லது டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் தேங்குகிறது.

முதலில் அளவை ஒழுங்காகப் பாருங்கள். இன்ஜின் சூடான பின் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். உங்கள் காரின் கையேடு வேறு முறை சொன்னால் அதன்படி. பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். ஓடிய கிலோமீட்டரையும் அளவையும் குறித்து வையுங்கள். டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் எடுப்பது இயல்புதான். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று கையேட்டிலேயே அச்சடித்த தயாரிப்பாளர்கள் உண்டு. என் கணக்கில், வழக்கமாக எடுக்கும் அளவு திடீரென்று கூடுவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் அது ஒரு துப்பு. அதிகமாக ஊற்றிய ஆயிலை, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். டர்போவிலிருந்து திரும்பும் ஆயிலும் இறங்கத் திணறும். புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களில் இன்னொரு சிக்கல்: வடிகட்டியைச் சுத்தம் செய்யும் நேரத்தில் கொஞ்சம் டீசல் ஆயிலோடு கலந்து அளவை உயர்த்தும். ஒரு பக்கம் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும், டிப்ஸ்டிக் மட்டும் எல்லாம் நலம் என்று சொல்லும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா?

இரவில் காரின் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு எந்த இடத்துக்குக் கீழே என்று தெரியும். வெள்ளை டிஷ்யூவில் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயில் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும், வழுவழுப்பாக இருக்கும். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, பிங்க், ஆரஞ்சு நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். பல டர்போக்களுக்குக் கூலன்ட் குழாயும் போகிறது என்பதால் டர்போ பக்கத்து ஈரம் அதுவாகவும் இருக்கலாம். நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசி. நிம்மதியாகத் தூங்கலாம்.

துடை, ஓட்டு, பார்

மாதக்கணக்கில் புழுதியும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருக்கும் இன்ஜினில் எங்கே கசிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர் ஊகிக்கிறார். எனவே முதல் வேலை துடைப்பது.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, அடியில் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுங்கள். அதில் தேங்கும் ஆயில் பின்பக்கம் ஓடி வேறெங்கோ சொட்டும் என்பதால் தரையில் விழும் இடமே பொய் சொல்லும். ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, டிகிரீசர் அடித்துப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். இடுக்குகளுக்குப் பிரேக் கிளீனர். பிரேக் கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும், சூடான பாகத்தில் அடிக்கவே கூடாது. காய்ந்து, வாடை முழுக்கப் போன பிறகுதான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சூடான டர்போ மேல் தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம், கூட்டில் விரிசல் விழலாம்.

இப்போது இன்ஜினை ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கவனியுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு சுற்றுப் போய் வந்து பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் மேடு ஏறும் சாலையிலோ, டர்போ நன்றாக வேலை செய்யும் வேகத்திலோ ஓட்டிவிட்டுப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் ஆயில் வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆயில் இரண்டு வழியாகத்தான் பயணிக்கும். நின்றால் கீழே, ஓடினால் காற்று தள்ளும் பின்பக்கம். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். கீழே இருந்து மேலே ஏறுங்கள். ஓர் இடம் ஈரமாக இருந்தால் அதற்கு ஒரு சாண் மேலே டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். அதுவும் நனைந்தால் இன்னும் மேலே. டிஷ்யூ நனையாமல் வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே குற்றவாளி இருப்பான். கை போகாத இடத்தில் மொபைலை நீட்டி, லைட்டைப் போட்டு வீடியோ எடுங்கள். கண்ணாடியை விட இதுவே எனக்குச் சுலபமாகத் தெரிகிறது.

மிகச் சிறிய கசிவு என்றால், துடைத்த இடத்தில் முகப் பவுடரைத் தூவிவிட்டு ஓட்டலாம். வெள்ளைப் பரப்பில் ஆயில் கோடு பளிச்சென்று தெரியும். சுழலும் பெல்ட் பக்கம் மட்டும் தூவ வேண்டாம். அதுவும் கைகொடுக்காவிட்டால், ஆயிலோடு கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. ஊற்றி ஓட்டிய பிறகு இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக மின்னும்.

வழக்கமாக மாட்டும் இடங்கள்

டேப்பட் கவர் கேஸ்கட்தான் (கவருக்கு அடியில் கசிவை அடைக்கும் பட்டை) என் முதல் சந்தேகம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பின்மூலை. அங்கிருந்து வழியும் ஆயில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு இறங்கி, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்ட மாதிரியே காட்டும். அந்தச் சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், மேலே பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஆயில் மாற்றிய சில நாளில் கசிவு தொடங்கினால் வேறெங்கும் போக வேண்டாம். ஆயிலை வடிக்கும் சம்ப் போல்ட்டின் வாஷர், ஆயில் ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவது நடக்கும். ஃபில்டர் உட்காரும் கூடு, அதோடு சேர்ந்த ஆயில் கூலர் ஆகியவற்றின் கேஸ்கட்டும் வயதானால் சுருங்கும். ஆயில் கூலர் உள்ளுக்குள் கசிந்தால் கூலன்ட் டப்பாவில் ஆயில் மிதக்கும். ஆயில் பிரஷர் சுவிட்சின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் போய்விட்டது என்று அர்த்தம்.

டர்போ பக்கம் வந்தால்

மேலிருந்து எதுவும் வழியவில்லை என்று உறுதியான பிறகு டர்போ. முதலில் ஆயில் வரும் ஒல்லிக் குழாய். அதன் முனையில் ஆயில் ஊடே போகும்படி துளையிட்ட பேஞ்சோ போல்ட் இருந்தால் இருபுறமும் காப்பர் வாஷர் இருக்கும். நசுங்கித்தான் அடைக்கும் என்பதால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது போட வேண்டும். பழையதையே போட்டு இன்னும் இறுக்கினால் போல்ட்தான் முறியும். அடுத்து திரும்பும் குழாய்: மேல் கேஸ்கட், கீழே இன்ஜினில் சேரும் இடத்தில் ரப்பர் வளையமான ஓ ரிங், நடுவில் ரப்பர் ஹோஸ் இருந்தால் அது வெப்பத்தில் கல்லாகிவிட்டதா என்று பாருங்கள்.

குழாய்கள் வெளியே காய்ந்திருந்து, டர்போ உள்ளுக்குள் ஆயில் விடுகிறது என்று சந்தேகம் வந்தால், நம்பகமான ஒரு சோதனை இருக்கிறது: டர்போவுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது. ஆறிய இன்ஜினில் கம்ப்ரஸருக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றுங்கள். அந்தக் குழாயே ஆயிலில் நனைந்திருந்தால் ஆயில் பிரீதர், அதாவது இன்ஜினின் உள்வாயுவை வெளியேற்றும் பாதை, வழியாக வருகிறது, டர்போ மேல் பழி போடாதீர்கள். வரும் பக்கம் காய்ந்து, வெளியேறும் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் டர்போவின் சீலைத் தாண்டி வருகிறது. எக்ஸாஸ்ட் பக்கமும் இதே தர்க்கம்தான். டர்போவுக்கு முந்தைய மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகை சேரும் குழாய்) காய்ந்தும் டர்பைனுக்குப் பிந்தைய குழாய் ஈரமாகவும் இருந்தால் டர்போ. மேனிஃபோல்டிலேயே ஆயில் இருந்தால் அது சிலிண்டரிலிருந்து வருகிறது.

இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஆயில் படலம் பெரும்பாலான டர்போ கார்களில் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கவிழ்த்தால் கொட்டுகிற அளவுக்கு இருந்தால்தான் பிரச்சினை. ஹோஸ் க்ளாம்ப்பைச் சுற்றிக் கறுப்பாக ஈர வளையம் இருந்தால் அங்கே அழுத்தக் காற்று வெளியேறுகிறது, கூடவே அந்தப் படலமும் தெறிக்கிறது. இன்ஜின் கசிவு என்று நினைத்துப் போன பலருக்குக் கடைசியில் ஒரு ஹோஸ் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும்.

குழாய் கழன்றிருக்கும்போதே தண்டின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். நுனியை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடும். ஆயில் படலம் இல்லாத நேரத்தில் அது இயல்பு. சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசினாலோ, உரசிய தழும்பு இருந்தாலோ, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது கைக்கு ஆட்டம் தெரிந்தாலோ டர்போவின் காலம் முடிந்தது. குழாயைக் கழற்றிவைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டவே கூடாது. அந்தச் சக்கரம் விரலைப் பார்க்காது.

இன்ஜின் மூச்சு விடுகிறதா?

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை வெளியே எடுத்து மறுபடி காற்றுப் பாதையில் விடுவது பிரீதர் ஏற்பாடு. டர்போ பெட்ரோல் இன்ஜினில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு பாதை உண்டு. மெதுவாக ஓடும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சல் வாயுவை இழுக்கும். டர்போ அழுத்தம் ஏறியதும் அந்தப் பாதையை ஒரு ஒருவழி வால்வு மூடிவிட, வாயு டர்போவுக்கு முந்தைய குழாய்க்குப் போகும். அந்த வால்வு மூடாமல் போனால் டர்போ அழுத்தும் காற்றே கிராங்க் கேஸுக்குள் பாயும். எந்தச் சீல் பலவீனமோ அங்கே ஆயில் பிதுங்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, ஒரு சொட்டும் வராது, மேடு ஏறி வந்தால் நனைந்திருக்கும். முன்பு குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றாலும் அதே சந்தேகம்.

எளிய சோதனை: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கையுறையை விரித்துப் பிடியுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. பலூனாக உப்பினால் பிரீதர் அடைத்திருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சி, விசில் சத்தமும் வந்தால் பிரீதர் வால்வுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கும். ஐடிலில் எல்லாம் சரியாக இருந்து ஓட்டினால் மட்டும் கசிந்தால் ஒருவழி வால்வைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். பல கார்களில் அது டேப்பட் கவருக்குள்ளேயே இருக்கும். ரிங் மேல் சந்தேகம் வந்தால், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அடைத்துப்போன ஏர் ஃபில்டரையும் மறக்க வேண்டாம். அது கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சலைக் கூட்டி நல்ல டர்போவிலிருந்தே ஆயிலை இழுக்கும்.

சைலன்சர் சொல்வது

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கிளப்பியதும் ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால் சிலிண்டர் வால்வுகளின் ஆயில் சீல். நெடுநேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது கொத்தாக வந்தால் டர்போவின் திரும்பும் குழாயைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வந்தால் ரிங் அல்லது டர்போ. இவை சாட்சி மட்டும்தான். மேலே சொன்ன முன்பின் ஒப்பீட்டோடு பொருந்தினால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

டீசல் காரில் கம்ப்ரஸர் பக்கம் ஆயில் நிறையப் போவது தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கலாம். சாவியைத் திருப்பினாலும் அடங்காமல் போகலாம். கையால் மாற்றும் கியர் என்றால் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்ச்சை விட்டு அணைக்கப் பார்க்கலாம். முடியாவிட்டால் காரை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

டர்போதான் என்று உறுதியானால்

புதிது மாட்டும் முன் மெக்கானிக்கிடம் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஆயில் வரும் குழாயைக் கழுவிப் போடாமல் புதிதாகவே மாற்றச் சொல்லுங்கள். வெப்பத்தில் ஆயில் கருகி உள்ளே கரியாகப் படிந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. திரும்பும் குழாயில் அடைப்பில்லை என்று கண்ணால் பாருங்கள். டர்போவின் ஆயில் கேஸ்கட்டுகளில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள். உள்ளே பிதுங்கி உடைந்த ஒரு துணுக்கு போதும், பாதை அடைத்துவிடும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்க வேண்டும். பழைய டர்போவின் சக்கரம் உடைந்திருந்தால் உலோகத் துண்டுகள் அங்கே கிடக்கும். ஆயிலும் ஃபில்டரும் புதிது.

மாட்டியதும் டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு, இன்ஜின் கிளம்பாதபடி வைத்து ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றி அழுத்தம் ஏற்றிய பிறகே கிளப்ப வேண்டும். சில நிமிடம் ஐடில், அப்புறம் ஒரு சுற்று. அடித்தட்டைப் பூட்டுவதற்கு முன் எல்லா இணைப்பிலும் டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு முறை. முதல் சில நாள் சைலன்சரில் லேசாகப் புகை வந்தால் அது பழைய ஆயில் எரிந்து தீர்வது, நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாவிட்டால் கையுறையை எடுத்துக்கொண்டு மறுபடி ஆயில் மூடியிடம் போங்கள்.